சிமெண்டுப் புற்றுக்கு வந்த வெள்ளைப் பூ

தன் தலைமையுரையால் என்னை ஒரு மலையின் உச்சியில் தூக்கி உட்கார வைத்துவிட்டு, இறங்கும் வழி தெரியாமல் நான் விழிப்பதைப் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருக்கிற, இந்த விருது விழாவின் பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர், நகர்நல மன்றத்தின் மூத்தவர் ஐயா வேங்கடசாமி அவர்களே! காட்டோரத்தில் கடை வைத்தால் காக்கைதான் வரும் என்று ஊரே சிரித்தபோதும், என் வரைபடத்தை நம்பித் தன் பூமியை என்னிடம் ஒப்படைத்த இந்த விருந்தகத்தின் உரிமையாளர், அண்ணன் சென்னகிருஷ்ணன் அவர்களே! முன்வரிசையை முழுமையாக்கியிருக்கும் முதியோர்களே! ஆடிக் காற்றில் பந்தல் பறந்துவிடாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கைதட்டக் கை இல்லாமல் நிற்கும் தோழர்களே! இடப்பக்க ஜமக்காளத்தில், பூக்கூடைகளோடு வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! தாய்மார்களே என்று உங்களை அழைக்கும்போது இன்றைக்கு என் நாக்கு தடுமாறுகிறது. அது ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். அனைவருக்கும் லட்சுமணசாமியின் அடக்கமான வணக்கம்.

இப்போது கை தட்டிக்கொள்ளுங்கள். நான் பேசி முடிக்கும்போது தட்டுவீர்களா என்று எனக்குத் தெரியாது.

கட்டடம் என்பது என்ன? கல்லா? கலவையா? கம்பியா? இல்லை என்று கல்லூரி மேடைகளிலே முழங்கியவன் நான். மண்ணுக்கு மரியாதை செய்வதே கட்டடம் என்று மார்தட்டியவன் நான். இதோ, உங்கள் கண்ணெதிரே நிற்கிறதே இந்த மலையடி விருந்தகம்! தொண்டாமுத்தூர்ச் சாலையில் வருகிறவர்களுக்குக் கட்டடம் இருப்பதே தெரியாது. கூரை தென்னை உயரத்தைத் தாண்டவில்லை. சுவர் முழுவதும் இதே பூமியில் கிடந்த கருங்கல். கூரை முழுவதும் பழைய வீடுகளில் பிரித்தெடுத்த ஓடு. நிலம் சரிந்தால் தரையும் சரிந்தது; நிலம் நிமிர்ந்தால் தரையும் நிமிர்ந்தது. சாப்பாட்டுக்கூடத்தின் நடுவே நின்ற வேப்பமரத்தை வெட்டினேனா? வெட்டவில்லை. கிழக்கு மூலையில் கிடந்த பாறையை உடைத்தேனா? உடைக்கவில்லை. வாய்க்காலைத் திருப்பினேனா? திருப்பவில்லை. மலை எப்படியோ, மரம் எப்படியோ, அப்படியே இந்த மனையும் என்றேன். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள். பக்கத்து ஊர் மில் முதலாளிகள் தங்கள் தோட்டத்து பங்களாவுக்கு வரைபடம் கேட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

போதும், போதும், தட்டியது போதும். சங்கதி இனிமேல்தான் இருக்கிறது.

ஐயா வேங்கடசாமி அவர்கள் சற்று முன் என்ன சொன்னார்? எல்லோரும் கேட்டீர்கள். "மரத்தைக் காத்தவர் மட்டுமல்ல லட்சுமணசாமி, நம் மரபையும் காத்தவர். இங்கிருந்த புற்றுச் சாமியை முறைப்படி பூக் கேட்டு, வெள்ளைப் பூ உத்தரவு பெற்று இடம் மாற்றிவைத்த பண்பாளர்" என்றார். நீங்கள் எழுந்து நின்று தட்டினீர்கள். தாய்மார்கள் குலவையே போட்டுவிட்டீர்கள். என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். படிக்கட்டு அந்தப் பக்கம் இருந்தது.

மெட்ராஸிலிருந்து விருந்தினர் இருவர் வந்திருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் கொங்குச் சீமையில் நல்ல காரியம் எதுவானாலும் சாமியிடம் பூக் கேட்போம். செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளரளி ஒரு பொட்டலம். இரண்டையும் சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் காரியத்தை ஒத்திவைக்க வேண்டியதுதான். இது எனக்குத் தெரியாத வழக்கமா? என் கல்யாணத்துக்கே எங்கள் வீட்டில் பூக் கேட்டார்கள்! வெள்ளை வரும்வரை என் மாமனார் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையன் கெட்டான்!

சிரியுங்கள். கடைசியாக ஒருமுறை சிரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். அதோ, கார்கள் நிற்கின்றனவே, அந்த இடத்தில் ஒரு புற்று இருந்தது. ஆள் உயரம். ஆடி வெள்ளி தோறும் சுற்று வட்டாரப் பெண்கள் அங்கே பால் ஊற்றுவார்கள், முட்டை வைப்பார்கள், மஞ்சள் பூசுவார்கள். நான் இந்தப் பூமியை அளந்தபோது ஒவ்வொரு மரத்துக்கும் வரைபடத்தில் வட்டம் போட்டேன். பாறைக்குக் கோடு போட்டேன். புற்றுக்கு ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை? அது என் கண்ணுக்கு இயற்கையாகவும் தெரியவில்லை, கோயிலாகவும் தெரியவில்லை. கார் நிறுத்துகிற இடத்தில் கிடக்கும் மண்ணாகத்தான் தெரிந்தது.

மண் தள்ளும் வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "சார், இங்க ஒரு புத்து இருக்குதுங்க. மஞ்ச குங்குமமெல்லாம் இருக்குதுங்க" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மண்ணுதானே, தள்ளுங்க" என்றேன்.

இயற்கையோடு இயைந்த இஞ்சினியர் சொன்ன வார்த்தை இது! மண்ணுக்கு மரியாதை செய்கிறவன் மண்ணைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இது! வேப்பமரத்தை வெட்டாததற்கு விருது வாங்க வந்தவன் வாயிலிருந்து வந்த வார்த்தை இது! கை தட்டினீர்களே, இதற்கும் தட்டுங்களேன் பார்ப்போம்.

கட்டடம் எழுந்தது. எல்லாம் அழகாக இருந்தது. ஒன்றே ஒன்றுதான் கண்ணை உறுத்தியது. தோட்டத்து மூலையில் ஒரு குழாய், செங்குத்தாக, சாம்பல் நிறத்தில் நின்றது. அதை எடுக்கவும் முடியாது. சாப்பிடுகிறவர்கள் கண்ணில் படவும் கூடாது. கொத்தனார் மைதீன் பிச்சையைக் கூப்பிட்டேன். சிமெண்டில் அவர் மரம் செய்தால் குருவி வந்து உட்காரும், அவ்வளவு கைத்திறன். "பாய், இந்தக் குழாயைச் சுத்தி ஒரு புத்து மாதிரி பண்ணிடுங்க. இந்தப் பக்கத்துக்குப் பொருத்தமா இருக்கும்" என்றேன். அவர் கம்பிவலை கட்டினார், சிமெண்டு பூசினார், செம்மண் நிறம் கொடுத்தார். காற்றுப் போக நான் கேட்டபடி துளைகள் வைத்தார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் சொன்னதைத்தான் செய்தார். நான் செய்யச் சொன்னது எதற்கு என்பதுதான் குற்றம்.

பக்கத்துத் தோட்டத்துப் பழனாத்தாள் அம்மாவை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். இதோ, ஜமக்காளத்தில் முதல் வரிசை, பச்சைச் சேலை. பக்கத்தில் அவருடைய மருமகள். ஆறு வருசம் காத்திருந்து இப்போதுதான் அந்தப் பெண் உண்டாகியிருக்கிறாள். அதற்காக அம்மா வேண்டிக்கொண்டது எங்கே? நான் தள்ளச் சொன்ன அந்தப் புற்றில்! அது இடிந்துபோனதை நினைத்து, உண்டான நாளிலிருந்தே அந்தப் பெண்ணுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. வயிற்றில் இருப்பதற்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அந்த வீடே நடுங்கியிருக்கிறது. இது எதுவும் எனக்குத் தெரியாது. நான் ஓட்டுக் கூரைக்கு என்ன எண்ணெய் தேய்த்தால் மின்னும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஆடி முதல் வெள்ளி. காலையில் நான் வந்தபோது தோட்டத்து மூலையில் பெண்கள் கூட்டம். சிமெண்டுப் புற்று முழுக்க மஞ்சள். உச்சியில் செவ்வரளி. பழனாத்தாள் அம்மா அதில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஏனுங்க இஞ்சினியர் தம்பி, இடிச்சுப்போட்டாங்கன்னு உங்கள மனசுக்குள்ள எத்தன வஞ்சேன் தெரியுங்களா? நீங்க எடம் மாத்தித்தான வச்சிருக்கறீங்க! அச்சு அசல் அதே மாரி இருக்குதுங்க. பூக் கேட்டுத்தானுங்க மாத்துனீங்க?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அட, பேசாமலாவது இருந்திருக்கலாம். மேடை மேடையாகப் பேசிப் பழகிய வாய் அல்லவா! கும்பிட்ட கையைப் பார்த்ததும் எனக்குப் பெரிய மனிதனாக ஆசை வந்துவிட்டது.

"ஆமாங்க" என்றேன்.

"வெள்ளைங்களா, செவப்புங்களா?"

"வெள்ளைங்க" என்றேன்.

அந்த அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மருமகளைக் கூப்பிட்டு, "கேட்டியா கண்ணு, வெள்ளைப் பூ வந்துச்சாமா! இனி நல்லா சாப்புடோணும்" என்றார். அந்தப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் புற்றின் துளைக்குப் பக்கத்தில் வைத்தார். "தொட்டுப் பாருங்க தம்பி. உள்ளார இருந்து வெதுவெதுன்னு காத்து வருதுங்க. சாமி மூச்சு உடுதுங்க!"

யார் அங்கே சிரிப்பது? பின்வரிசையில் யார்? அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தால் நான் இந்த மேடையிலிருந்து குதித்து வருவேன்! என்னைப் பார்த்துச் சிரியுங்கள். காறித் துப்பினாலும் நியாயம்.

அது என்ன காற்று? அது என்ன குழாய்? சொல்ல வாய் கூசுகிறது. கூசினாலும் சொல்கிறேன். மைக்செட்காரரே, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். விருந்தகத்தின் கக்கூஸ் தொட்டியிலிருந்து கெட்ட காற்று வெளியேறுகிற குழாய் அது. அதை மறைக்கத்தான் அந்தப் புற்று. அதன்மேல்தான் என் தாய்மார்கள் நெற்றியை வைத்தார்கள். அதற்குள்தான் பால் ஊற்றினார்கள். தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் எடுத்துவந்த பால். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முகத்தில் பக்தியை வேறு வரவழைத்துக்கொண்டு பார்த்தேன்.

அண்ணன் சென்னகிருஷ்ணன் என் வேட்டி நுனியைப் பிடித்து இழுக்கிறார். இழுங்கள் அண்ணா, வேட்டியே அவிழ்ந்தாலும் இன்றைக்கு இதைவிடப் பெரிய அவமானம் எனக்கு வந்துவிடாது. நடந்ததை இவரிடம் நான் அன்றைக்கே சொன்னேன். "போகட்டும் உடு லட்சுமணா. சாமி எங்க வச்சாலும் சாமிதான். அவங்களுக்கு நிம்மதி, நமக்கு யாவாரம்" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. வியாபாரி வியாபாரம் பேசினார். நான் என்ன செய்தேன்? இஞ்சினியர் அல்லவா, உபாயம் தேடினேன்! குழாயை மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் திருப்பிவிடலாம். புற்று புற்றாகவே இருக்கட்டும். யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டேன். குழாயைத் திருப்பிவிடலாம் ஐயா! சொன்ன சொல்லை எந்தப் பக்கம் திருப்புவது?

இதற்கிடையில் ஊருக்குள் பேச்சு வந்துவிட்டது. பழனாத்தாள் அம்மாவின் பங்காளிகள் ஒத்துக்கொள்ளவில்லை. "புத்த இடிச்சவன் கட்டுன எடத்துல போயி பொங்கல் வெக்கிறதா? பூ வந்தத யாரு பாத்தா?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. கோயில் முன்னால் ஊர் கூடியிருந்த இடத்தில் இந்த அம்மா எழுந்து நின்று சொன்னாராம்: "அந்தத் தம்பி எங்கிட்டத் தன் வாயால சொன்னாருங்க. படிச்ச புள்ள, பொய் சொல்லாது. அவரு சொல்லுக்கு நான் பொணைங்க. பொய்யின்னு ஆச்சுன்னா ஊரு முன்னால நான் தலகுனிஞ்சு நிக்கறனுங்க."

வருகிற வெள்ளி, ஆடிக் கடைசி வெள்ளி. அந்த ஒரு சொல்லை நம்பி ஊரே இங்கே பொங்கல் வைக்க வருகிறது. சொந்தத் தலையை என் பொய்க்கு ஈடு வைத்துவிட்டு, அந்தத் தாய் எனக்குப் போடுவதற்கு மாலையும் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இந்த மாலையை வாங்கினால், என்றைக்காவது ஒருநாள் அந்தத் தொட்டி நிரம்பும், திறக்க ஆள் வருவார், ஊர் பார்க்கும். அப்போது தலைகுனிகிறவர் யார்? நான் கோயமுத்தூரில் வேறு கட்டடத்துக்கு வேறு வரைபடம் போட்டுக்கொண்டிருப்பேன். இந்தத் தாய்தான் பங்காளிகள் முன்னால் நிற்பார். அதை நினைத்தால் எனக்கு வரைபடத்தில் போட்ட என் கையெழுத்தைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

ஆகவே, அவையோரே, அறிந்துகொள்ளுங்கள். ஊரே, உரக்கக் கேட்டுக்கொள். பூக் கேட்கவில்லை! வெள்ளைப் பூ வரவில்லை! சிவப்புப் பூவும் வரவில்லை! எந்தக் குழந்தையும் எந்தப் பொட்டலத்தையும் எடுக்கவில்லை! சாமியை நான் இடம் மாற்றவில்லை, இடித்தேன். இடித்த மண்ணைக் கார்களுக்கு அடியில் பரப்பினேன். அதே சாயலில் ஒரு சிமெண்டுக் கூட்டைச் செய்து, உள்ளே நாற்றத்தை ஒளித்தேன். பழனாத்தாள் அம்மா பொய்க்குப் பிணை நிற்கவில்லை. பொய்யென்று தெரியாமல் என்னைத் தான் பெற்ற பிள்ளையாக நினைத்து நின்றார். ஊர் முன்னால் குனிய வேண்டிய தலை ஒன்று இருக்கிறது. அது இதுதான். இதோ குனிகிறேன். பங்காளிமார் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தம் போடுகிறவர்கள் போடுங்கள். "எறங்குடா" என்கிறீர்கள், இறங்குகிறேன். வைகிறீர்கள், வையுங்கள். ஆனால் அந்தக் கோடியில் துண்டை உதறிக்கொண்டு நிற்கும் பெரியவரே, அங்கே பார்த்து விரல் நீட்டாதீர்கள். விரலை இந்தப் பக்கம் திருப்புங்கள். அந்த அம்மாவை இனி ஒரு சொல் சொன்னால் அது தர்மமே இல்லை!

கொஞ்சம் அமைதி. அமைதி, அமைதி! அம்மா எழுந்திருக்கிறார். மைக்கை அங்கே கொடுங்கள். வேண்டாமா? வேண்டாம் என்கிறார். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது, அவர் கேட்பதை நானே சொல்கிறேன். ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் சொல்கிறேன்.

"நாங்க மண்டி போட்டுக் கும்புட்டப்போ, பால ஊத்துனப்போ, எம்பட மருமவ நெத்திய வச்சப்போ... உள்ளார என்ன இருக்குதுன்னு தெரிஞ்சுட்டேதான நீங்க பாத்துட்டு நின்னீங்க?"

ஆமாங்க அம்மா.

தெரிந்துகொண்டேதான் பார்த்தேன்.

"உங்கூட்டுப் பொம்பளைங்களா இருந்தா உட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேனுங்க. பாதி வழியிலேயே ஓடிப்போய்த் தடுத்திருப்பேன்.

மன்னியுங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை அம்மா. கேட்டால் நீங்கள் கொடுத்துவிடுவீர்கள். உங்கள் குணம் அப்படி. அதையும் உங்களிடமிருந்து பறிக்க எனக்கு மனமில்லை. கார்களை நாளைக்கே வெளியே நிறுத்தச் சொல்கிறேன். அந்தப் பழைய இடத்தில் அடிமண் இன்னும் அப்படியே இருக்கிறது. அங்கே என்ன செய்யலாம், செய்யலாமா கூடாதா என்பதை நீங்கள் சாமியிடம் கேளுங்கள். சிவப்பு வந்தால் நான் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன். கண்ணு, மருமகப் பொண்ணே, நீ சாப்பிடாமல் இருக்காதே. நீ கும்பிட்டது உண்மை. நான் காட்டிய இடம்தான் பொய்.

அம்மா போகிறார். மாலையைக் கீழே வைத்துவிட்டார். தடுக்காதீர்கள், வழி விடுங்கள். வெளியே போகிறாரா? இல்லை. தோட்டத்து மூலைக்குப் போகிறார். மருமகளும் பின்னாலேயே போகிறாள். இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. உட்கார்ந்துவிட்டார். செடிக்கு ஊற்றும் வாளித் தண்ணீரைக் கையில் அள்ளித் தெளிக்கிறார். முந்தானையால் மஞ்சளைத் துடைக்கிறார். குங்குமத்தைத் துடைக்கிறார். சாமி இல்லாத இடத்தில் சாமிக்கு வைத்தது இருக்கக் கூடாது என்று, அந்த நாற்றத்தில் குனிந்து உட்கார்ந்து துடைக்கிறார்.

அவையீரே, விருதை அறிவித்தவர்களுக்கும், இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட பெரியோருக்கும், வைத வாய்களுக்கும் சேர்த்து நன்றி சொல்கிறேன். இதற்குமேல் இங்கே நின்று பேச எனக்கு யோக்கியதை இல்லை. அங்கே அழிக்க வேண்டிய மஞ்சள் இன்னும் நிறைய இருக்கிறது. அதை அந்த அம்மா ஒருவரே அழிக்கும்படி நான் விடக் கூடாது. வாரேனுங்க. வணக்கம்.